படியேறும் இதயம்

(எமது சபையின் வெள்ளிவிழா நிகழ்வுகளில் ஒன்றாக, ஞாயிறு ஆராதனையைத் தொடர்ந்து மேல்மண்டபத்தில் ஆற்றப்பட்ட சுகநல உரையின் எழுத்து வடிவம். பேசியவர் லண்டனில் இதயநோய்ப் பிரிவுகளில் நீண்டகாலம் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எமது சபை அங்கத்தவர்.)



வெள்ளிவிழாக் குழுவினர் என்னிடம் வந்து, "அக்கா, இதயத்தைப் பற்றி அரைமணித்தியாலம் பேச வேணும், ஆனால் சனத்தைப் பயப்படுத்தாமல் பேச வேணும்" என்று கேட்டார்கள். இரண்டாவது நிபந்தனை எனக்குப் பிடித்தது. இன்று நான் பேசப்போவதே பயத்தைப் பற்றித்தான்.

இந்த ஆண்டு எங்களுக்கு ஒரு லிப்ட் கிடைத்திருக்கிறது. கீழே ஆராதனை, மேலே தேத்தண்ணி, இடையில் 24 படிகள். முழங்கால் தேய்ந்த அம்மாமாருக்கும், சக்கர நாற்காலியில் வரும் எங்கள் ஐயாவுக்கும் அந்த 24 படிகள் எத்தனை ஆண்டுகளாகத் தடையாக இருந்தன என்பது எனக்குத் தெரியும். லிப்டுக்காகப் பணம் சேர்த்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் கடந்த மூன்று ஞாயிறும் லிப்ட் வாசலில் நின்று பார்த்தேன். நாற்பது வயதுத் தம்பிமாரும் அங்கே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவரிடம் காரணம் கேட்டேன். "எனக்குப் பிறஷர் இருக்குது அக்கா. இதயத்துக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதல்லோ" என்றார்.

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களில் பலர் மனதுக்குள் வைத்திருக்கும் எண்ணம் அது. இதயம் ஒரு பழைய மோட்டார், ஓட்டினால் தேயும், ஓட்டாமல் வைத்தால் நீடிக்கும் என்று நினைக்கிறோம். அது சரிதானா என்று இன்று சேர்ந்து பார்ப்போம்.

முதலில் ஒரு சிறு பரிசோதனை. உங்கள் இடது மணிக்கட்டில், பெருவிரலின் அடிப்பக்கமாக, வலது கையின் இரண்டு விரல்களை மெதுவாக வையுங்கள். பெருவிரலால் பிடிக்க வேண்டாம். அதற்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது, முடிந்தவர்கள் மாத்திரம் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழுந்து இருங்கள். அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும், தலைச்சுற்று உள்ளவர்களும் இருந்தபடியே இருங்கள். (சபையார் எழுந்து அமர்ந்தார்கள்.) சரி, மறுபடியும் நாடியை எண்ணுங்கள். எழுபது என்றவர்கள் எண்பத்தைந்து, தொண்ணூறு என்கிறீர்கள். அங்கே பின்வரிசையில் ஒரு தம்பி நூற்றுப்பத்து என்கிறார். பரவாயில்லை, உரை முடிந்த பிறகு வந்து என்னோடு கதையுங்கள்.

இந்தக் குறுகிய நேரத்துக்குள் உங்கள் உடம்புக்குள் நடந்ததை இப்போது சொல்கிறேன்.

சும்மா இருக்கும்போது ஒரு வளர்ந்தவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லீற்றர். உங்கள் உடம்பிலுள்ள இரத்தம் முழுவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது நீங்கள் சும்மா இருந்தாலும் நிமிடத்துக்கு ஒரு தரம் முழு இரத்தமும் இதயத்தைக் கடந்து போகிறது. சுகதேகியான ஒரு இளைஞர் வேகமாக ஓடினால் இந்த 5 லீற்றர் 20 லீற்றராகக் கூடும். நெடுந்தூர ஓட்டவீரர்களில் மிகச் சிறந்தவர்களுக்கு 35 லீற்றரைத் தாண்டும். இந்தக் கொள்ளளவு எல்லாம் எங்களுக்குள் சும்மா கிடக்கிறது.

இதயம் எப்படி அவ்வளவு விரைவாக வேகத்தைக் கூட்டுகிறது? வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையின் அடியிலிருந்து இதயத்துக்கு வருகிறது. அது மாட்டின் மூக்கணாங்கயிறு போல எந்நேரமும் இதயத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் எழும்ப நினைத்தவுடனேயே மூளை அந்தக் கயிற்றைச் சற்றுத் தளர்த்துகிறது. அதனால்தான் எழும்புவதற்கு முன்பே சிலருக்கு நாடி கூடியிருக்கும். வேலை இன்னும் கடினமானால் பரிவு நரம்புகளும் அதிரினலினும் சேர்ந்து இதயத்தை விரட்டுகின்றன. அது விரைவாகவும் துடிக்கிறது, பலமாகவும் துடிக்கிறது.

ஆனால் இதயம் தள்ளுவதற்கு இரத்தம் திரும்பி வரவேண்டுமே. காலுக்குப் போன இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக மேலே ஏறுவது எப்படி? இதற்கான விடையின் ஒரு பகுதி இந்த லண்டனிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. சென் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மருத்துவராக இருந்த வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில், இரத்தம் உடம்பைச் சுற்றி ஓடி இதயத்துக்கே திரும்பி வருகிறது என்று நிறுவினார். கையைக் கட்டி, புடைத்த நாளத்தை விரலால் தடவிப் பார்த்து, உள்ளே இருக்கும் வால்வுகள் இரத்தத்தை இதயத்தின் பக்கமாக மாத்திரமே போகவிடுகின்றன என்று காட்டினார். கால் நாளங்களிலும் அப்படியான வால்வுகள் இருக்கின்றன. நீங்கள் ஒரு படி ஏறும்போது கெண்டைக்கால் தசை இறுகி நாளத்தைப் பிழிகிறது. வால்வு கீழே வழிய விடாது. இரத்தம் மேலே ஏறுகிறது. நடக்கிறவருக்குக் கெண்டைக்கால்தான் இரண்டாவது இதயம். மூன்று மணித்தியாலம் சோபாவில் இருந்து எழும்பும்போது கால் வீங்கியிருப்பதன் காரணமும் இதுதான். பிழியும் வேலை நின்றுவிட்டது.

அப்படித் திரும்பி வரும் இரத்தம் இதய அறையை நன்றாக நிரப்பும்போது, அறையின் தசை இழுபடுகிறது. இழுபட்ட தசை இன்னும் பலமாகச் சுருங்குகிறது. இதை விளக்கமாக எடுத்துச் சொன்னவர் ஏர்னஸ்ற் ஸ்ராலிங். அவரும் இந்த ஊர்க்காரர்தான்; லண்டன் யுனிவர்சிற்றி கொலிஜில் பேராசிரியராக இருந்தார். சுருக்கமாகச் சொன்னால், கூடுதலாக வந்தால் இதயம் கூடுதலாக அனுப்பும். அதை யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது பங்கீடு. சும்மா இருக்கும்போது உடம்பின் தசைகளுக்குக் கிடைப்பது இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். கடுமையாக உடற்பயிற்சி செய்யும்போது ஐந்தில் நான்கு பங்கு அங்கே போகிறது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் ஒடுங்குகின்றன; வேலை செய்யும் தசையின் குழாய்கள் விரிகின்றன. மூளையின் பங்கில் உடம்பு கை வைப்பதில்லை. சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் கூடுதலாக அனுப்புகிறது. முகம் சிவப்பதும் வியர்ப்பதும் அதனால்தான். வயிறுமுட்டச் சோறும் இறைச்சிக்கறியும் சாப்பிட்ட கையோடு நடக்கப் போனால் இரைப்பையும் காலும் ஒரே நேரத்தில் பங்கு கேட்கும். அதனால் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் பொறுத்து நடவுங்கள்.

"அப்போ பிறஷர் ஏறாதோ?" என்று கேட்பீர்கள். ஏறும். மேல் எண் 120 உள்ள ஒருவருக்கு வேகமான நடையில் 150, 160 வரை போகலாம். கீழ் எண் பெரிதாக மாறாது, சிலருக்குச் சற்றுக் குறையும். தசையின் குழாய்கள் திறந்து வழிவிடுவதால் அப்படி. ஆனால் நடந்து முடித்த பின் பல மணித்தியாலங்களுக்குப் பிறஷர் முன்பு இருந்ததைவிடக் குறைவாக இருக்கும். கிழமையில் பெரும்பாலான நாட்கள் நடந்தால் அந்த இறக்கம் நிலைக்கத் தொடங்கும். லிப்ட் வாசலில் நின்ற தம்பிக்கு என் பதில் இது. பிறஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறவருக்கு நடை மருந்து மாதிரி. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டும் வேண்டும்.

பயப்பட வேண்டிய பாரம் வேறொன்று. 20 கிலோ அரிசிச் சாக்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே தூக்காகக் காரிலிருந்து தூக்கும்போது இரண்டு எண்களும் ஒன்றாகப் பாய்கின்றன. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். அல்லது இரண்டு பத்துக் கிலோப் பைகளாக வாங்குங்கள்.

இனி இதயம் தனக்கு எப்படி இரத்தம் எடுக்கிறது என்று பார்ப்போம். அதற்குள்ளே எந்நேரமும் இரத்தம் நிரம்பியிருந்தாலும், அதன் தடித்த தசை அந்த இரத்தத்தை நேரே எடுத்துக்கொள்ள முடியாது. வெளிப்புறமாகச் சுற்றி ஓடும் முடியுரு நாடிகள் வழியாகத்தான் அதற்கு ஒட்சிசன் வரவேண்டும். இதயத்தின் இடப்பக்கம் சுருங்கும்போது அந்தக் குழாய்களும் நெரிபடுகின்றன. ஆகவே அது தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட அந்தச் சிறு ஓய்வில்தான் பெறுகிறது. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக அடுப்படியில் இருந்து சாப்பிடும் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, அந்த நாடி கொழுப்பால் ஒடுங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது; படியேறும்போது நெஞ்சு இறுகும். அது இதயம் தரும் எச்சரிக்கை. மற்றது, நாடித்துடிப்பு ஆறுதலாக உள்ளவருக்கு இடைப்பட்ட ஓய்வு நீளமானது. அவருடைய இதயம் நன்றாகச் சாப்பிடுகிறது. உடற்பயிற்சி ஓய்வு நேரத்து நாடியைக் குறைக்கிறது. அதாவது, அரைமணித்தியாலம் இதயத்தை வேலைவாங்கினால் மீதி இருபத்துமூன்றரை மணித்தியாலமும் அதற்கு ஆறுதல் கிடைக்கிறது.

இவ்வளவும் பள்ளிக்கூடப் பாடம் போல இருந்தது. இனி எங்கள் வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன்.

1974இல் யாழ்ப்பாணத்தில் என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. அவருக்கு 52 வயது. ஒவ்வொரு நாளும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பித்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஆறு கிழமை படுக்கை என்றார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்லி அனுப்புவதும் இருந்தது. யாரையும் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. நாங்கள் ஆறு கிழமையை ஆறு மாதமாக்கினோம். அது எங்கள் அன்பு. அம்மா தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்கவிட மாட்டா. மாமி வந்தால் வாசலிலேயே, "அவரை எழும்ப விடாதேங்கோ" என்பா. சைக்கிளை விற்றோம். அப்பா நடக்கப் பயந்தார். நாங்கள் அவரை நடக்கவிடப் பயந்தோம். பிறகு விறாந்தைச் சாய்மனைக் கதிரையிலிருந்து கேற்றடி மட்டும் போய்வந்தாலே மூச்சு வாங்கியது. "பாத்தீங்களே, இதயம் எவ்வளவு பலவீனம்" என்று சொல்லி அதையும் நிறுத்தினோம். நான்கு ஆண்டுகள் அப்படி இருந்து போய்ச் சேர்ந்தார்.

நான் நேர்சாகப் படிக்க இங்கே வந்த பிறகு, ஒரு வகுப்பில் ஆசிரியை ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் ஐந்து இளைஞர்களை மூன்று கிழமை கட்டிலில் படுக்க வைத்தார்கள். எல்லோருக்கும் 20 வயது. ஒரு நோயும் இல்லை. மூன்று கிழமைக்குப் பிறகு ஓடவிட்டுப் பார்த்தபோது, உடம்பு ஒரு நிமிடத்தில் ஆகக்கூடுதலாகப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் அளவு கால்பங்குக்கும் மேலே குறைந்திருந்தது. இதயம் ஆகக்கூடுதலாக அனுப்பக்கூடிய இரத்தமும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருந்தது. பிறகு சுமார் எட்டுக் கிழமை பயிற்சி கொடுத்தார்கள். இழந்தது திரும்பி வந்தது. முன்பு பயிற்சி இல்லாமல் இருந்தவர்கள் தொடங்கிய இடத்தையும் தாண்டி மேலே போனார்கள்.

நான் வகுப்பில் இருந்தபடியே அப்பாவின் சாய்மனைக் கதிரையை நினைத்தேன். இருபது வயதுக் காளைகளுக்கே மூன்று கிழமைப் படுக்கை இப்படிச் செய்தால், 52 வயதில் மாரடைப்பு வந்த ஒருவருக்கு ஆறு மாதம் என்ன செய்திருக்கும்? கேற்றடியில் வாங்கிய மூச்சு மாரடைப்பால் மட்டும் வந்ததல்ல. ஒரு பங்கு எங்கள் கவனிப்பால் வந்தது.

அந்தக் கதை அங்கே முடியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, அதே ஐந்து பேரையும் 50 வயதில் கூப்பிட்டு மறுபடியும் சோதித்தார்கள். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்ததைவிட, இருபது வயதில் மூன்று கிழமைப் படுக்கை எடுத்தது அதிகம். அதற்குப் பிறகு ஆறு மாதம் மெதுவாக நடை, ஓட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்தபோது, அந்த முப்பது ஆண்டில் இழந்ததையும் மீட்டுக்கொண்டார்கள். "எனக்கு வயது போட்டுது பிள்ளை, இனி உதெல்லாம் ஏலாது" என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

இன்னொரு கதை எங்கள் வீதிகளிலேயே நடந்தது. இங்கே நீண்டகாலம் இருப்பவர்கள் பழைய இரட்டைத்தட்டு பஸ்களை நினைவில் வைத்திருப்பீர்கள். சாரதி முன்னால் தனியே இருப்பார். நடத்துநர் மேலும் கீழுமாக ஏறி இறங்கி ரிக்கற் கொடுப்பார். ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் லண்டன் போக்குவரத்துத் துறையில் வேலை செய்த ஏறத்தாழ 31,000 ஆண்களின் பதிவுகளைத் தன் குழுவினரோடு ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். சாரதிகளைவிட நடத்துநர்களுக்கு முடியுரு நாடி நோய் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில் வந்தது. உடனே உயிரிழந்தவர்களும் குறைவு. ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஒரே புகை. பெரிய வித்தியாசம் படிகள். நடத்துநர் ஒரு வேலைநாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறினார்; சாரதி வேலை நேரத்தின் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தார்.

"மெலிந்தவர்கள்தான் நடத்துநராகச் சேர்ந்திருப்பார்களோ?" என்று அவர்களே சந்தேகப்பட்டார்கள். சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவைப் பார்த்தார்கள். சாரதிகளின் இடுப்பு உண்மையில் பெரிதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது. அதாவது, நிறை குறையாவிட்டாலும் படி ஏறுவதில் பலன் இருக்கிறது. "நடந்து நடந்தும் ஒரு கிலோ குறையேல்லை" என்று நடப்பதை விட்டுவிட்ட அன்ரிமாருக்காக இதைச் சொல்கிறேன். தராசு காட்டாத மாற்றங்கள் உள்ளே நடக்கின்றன.

அவை என்ன? தொடர்ந்து நடக்கத் தொடங்கிய ஓரிரு கிழமைகளுக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் நன்றாக நிரம்புகிறது. மாதங்கள் செல்ல ஒரு துடிப்பில் தள்ளும் அளவு கூடுகிறது. ஆகவே குறைந்த துடிப்புகளே போதும். தசைக்குள் மயிர்த்துளைக் குழாய்கள் புதிதாக முளைக்கின்றன. வேகமாக ஓடும் இரத்தம் உரசிச் செல்வதால் நாடிகளின் உட்சுவர் நைத்திரிக் ஒட்சைட்டைக் கூடுதலாக வெளிவிட்டு, தளர்ந்து விரியப் பழகுகிறது. தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது; சலரோகம் உள்ளவருக்குச் சீனி இறங்குகிறது.

இன்னும் இதயத்தைச் சேமிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். ஓய்வில் நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் நாளுக்கு 1,08,000 துடிப்பு. அரைமணித்தியாலம் 115 துடிப்பில் நடந்தால் கூடுதலாகச் செலவு 1,200. சில மாதங்களில் ஓய்வு நாடி 75இலிருந்து 70ஆக இறங்கினால், மீதி இருபத்துமூன்றரை மணித்தியாலத்தில் மிச்சம் 7,050. செலவு 1,200, வரவு 7,050. எங்கள் சபையின் பொருளாளரிடம் கேட்டாலும் இது நல்ல முதலீடு என்றுதான் சொல்லுவார்.

இதை ஏன் எங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? இந்த நாட்டில் தெற்காசியப் பின்னணி உள்ளவர்களுக்கு மாரடைப்பும் சலரோகமும் மற்றவர்களைவிட அதிகமாகவும், இளவயதிலும் வருகின்றன. பார்வைக்கு மெலிந்தவராக இருந்தாலும் கொழுப்பு வயிற்றில் சேர்கிறது. ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எங்களுக்கான எல்லை. அதோடு எங்கள் வாழ்க்கையையும் பாருங்கள். ஊரில் கிணற்றில் அள்ளினோம், சந்தைக்கு நடந்தோம், சைக்கிள் ஓடினோம். இங்கே இரவு வேலை, கார், சோபா. சாப்பாடு மட்டும் ஊரில் இருந்தபடியே இருக்கிறது.

எங்கள் சபையில் ஒரு அண்ணர், அவருடைய அனுமதியோடு சொல்கிறேன், இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்ரென்ட் வைத்தவர். இதயப் புனர்வாழ்வு வகுப்புக்கு வரச்சொல்லி மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தோடு தொங்கியது. அக்கா சாமான் பையைக்கூட அவரைத் தூக்கவிடவில்லை. நான் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அவர் ஜன்னலோரம் ஒரு சாய்கதிரையில் இருந்தார். எனக்கு அந்தக் கதிரையைப் பார்க்கத் தாங்கவில்லை. கடிதத்தைக் கழற்றி, அங்கேயே நின்று நானே தொலைபேசி எடுத்தேன். முதல் வகுப்புக்கு அக்காவும் கூடவே போய், சுவரோரம் இருந்து கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாவாம். எட்டாம் கிழமை முடிந்தபோது இரண்டு பேரும் பூங்காவைச் சுற்றி நடந்தார்கள். அவருக்கு இன்னமும் மாத்திரைகள் இருக்கின்றன. சில நாட்களில் பயமும் வருகிறது என்று சொல்கிறார். ஆனால் இன்று காலை அவர் படியால் ஏறி வந்ததை நான் பார்த்தேன். நடுவில் ஒரு தரம் நின்று மூச்செடுத்தார். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

எவ்வளவு செய்ய வேண்டும்? இங்குள்ள மருத்துவ ஆலோசனை, கிழமைக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதாவது ஐந்து நாள், நாளுக்கு அரைமணித்தியாலம். அதோடு இரண்டு நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சி. பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் செய்யலாம். எந்த வேகம்? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேசக்கூடியதாக இருக்க வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியாமல் இருக்க வேண்டும். மூன்று சரணமும் பாடிக்கொண்டு நடந்தால் வேகம் போதாது. ஒரு சொல்லும் பேச முடியாவிட்டால் வேகம் கூடிப்போச்சு.

சில எச்சரிக்கைகள். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக நடவுங்கள். வேகமாக நடந்துவிட்டுச் சடுதியாக நின்றால் கெண்டைக்காலின் பிழிதல் நின்று, இரத்தம் காலில் தங்கி, தலை சுற்றும். பீற்றா புளொக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி அவ்வளவாகக் கூடாது. எண்ணை நம்பாமல், பேசிப் பார்த்து வேகத்தை அறியுங்கள். நீண்டகாலம் உடம்பை அசைக்காதவர்களும், இதயநோய் உள்ளவர்களும், நடந்தால் நெஞ்சு இறுகுபவர்களும் உங்கள் டொக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் இறுக்கம், அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சுத்திணறல், இவற்றில் எது வந்தாலும் நில்லுங்கள், இருங்கள், 999ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் நெஞ்சுநோ தெளிவாகத் தெரியாமல், களைப்பாகவோ ஓங்காளமாகவோ வரலாம். தயவுசெய்து "உது வாயு" என்று சொல்லி இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்காதேங்கோ. நடக்கப் பயப்படுகிற நாங்கள், அம்புலன்ஸ் கூப்பிட மட்டும் வெட்கப்படுகிறோம். இரண்டும் தலைகீழாக மாறவேண்டும்.

வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பயம் எனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். அவரைப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பதற்குப் பதிலாக, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவரோடு நடவுங்கள். டொக்டர் அனுமதித்த தூரம் எதுவோ அவ்வளவு தூரம். நாளைக்கு ஒரு விளக்குக்கம்பம் கூட.

இளைஞர் சங்கத்தினர் வருகிற சனிக்கிழமையிலிருந்து காலை ஒன்பது மணிக்குத் தேவாலய வாசலிலிருந்து ஒரு நடைக்குழுவைத் தொடங்குகிறார்கள். இரண்டு வேகம் இருக்கும். ஆறுதலான குழுவோடு நான் வருவேன். சேலையோடும் வரலாம், சப்பாத்து மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

இப்போது தேத்தண்ணி பக்கத்து அறையில் ஆறுகிறது, முடிக்கிறேன். லிப்ட் எங்கள் அம்மாமாருக்கும் ஐயாமாருக்குமாக வந்தது. அவர்கள் காத்திராமல் போகட்டும். மற்றவர்கள் வீட்டுக்குப் போகும்போது படியால் இறங்குங்கள். அடுத்த ஞாயிறு படியால் ஏறி வாருங்கள். மேலே வந்து சேர்ந்ததும் நாடியைப் பிடித்துப் பாருங்கள். அது வேகமாகத் துடிக்கும். பயப்படாதேங்கோ, இதயம் தன் வேலையைச் செய்கிறது.

 எங்கள் சபை இன்னும் பல ஆண்டுகள் நடக்கட்டும். நாங்களும் அதோடு நடப்போம்.